போர்நிறுத்தத்தில் ஒப்பமிட்ட மத்தியாஸ் எர்ட்ஸ்பேர்கர்

ஒரு போரைத் தொடங்கியவர் யார் என்பதை வரலாற்று நூல்கள் பக்கம் பக்கமாக ஆராய்கின்றன. அதனை நிறுத்தும்படி முதலில் கேட்டவர் யார், நிறுத்தற் பத்திரத்தில் ஒப்பமிட்டவர் யார் என்ற வினாக்களுக்கு அந்நூல்களில் கிடைக்கும் இடம் சிறிது. இவ்விருவரும் ஒருவராகவே இருந்துவிட்டால் சிக்கல் இல்லை. கேட்டவர் ஒருவராகவும் ஒப்பமிட்டவர் வேறொருவராகவும் அமைந்துவிட்டால், பழி ஒப்பமிட்டவரின் தலையிலேயே விழுகின்றது. முதலாம் உலகப் போரின் இறுதியில் ஜேர்மனியில் நிகழ்ந்தது இதுவே. அப்பழியைச் சுமந்து உயிரையும் கொடுத்தவர் மத்தியாஸ் எர்ட்ஸ்பேர்கர்.

பிரான்சில் வாழும் நம் வாசகர்கள் ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாளை விடுமுறை நாளாக அறிவார்கள். 1918ஆம் ஆண்டு அந்நாளின் அதிகாலையில், பாரிசுக்கு வடக்கேயுள்ள கொம்பியேன் காட்டில், ஒரு புகையிரதப் பெட்டிக்குள் ஜேர்மன் தூதுக்குழுவின் தலைவராக அமர்ந்து கையொப்பமிட்டவர் இவரே. இவர் படைவீரர் அல்லர். தொழில்முறை இராஜதந்திரியும் அல்லர். நாடாளுமன்ற அரசியல்வாதி. அத்தகைய ஒருவர் அங்கு எவ்வாறு சென்றார், அவரை அனுப்பியவர்கள் பின்னர் எங்கே போனார்கள் என்பதை நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

தையற்காரரின் மகன்

மத்தியாஸ் எர்ட்ஸ்பேர்கர் 1875 செப்டெம்பர் 20ஆம் நாள், தென் ஜேர்மனியின் வூர்ட்டெம்பேர்க் இராச்சியத்தில் பூட்டன்ஹவுசன் என்னும் சிறு கிராமத்தில் பிறந்தார். தந்தையார் தையல் வேலையோடு தபாற்காரர் பணியையும் செய்து ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். புரட்டஸ்தாந்தரும் யூதரும் நிறைந்த அக்கிராமத்தில் கத்தோலிக்கரான இவர்கள் சிறுபான்மையினர். மகன் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பாடசாலை ஆசிரியரானார். 1896இல் அப்பணியை விட்டு, ஸ்டுட்கார்ட் நகரில் கத்தோலிக்கரின் மத்தியக் கட்சி சார்ந்த பத்திரிகையில் எழுத்தாளராகச் சேர்ந்தார். 1903இல் பிபெராக் தொகுதியிலிருந்து பேரரசின் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானபோது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை.

பிரபுக்களும் பேராசிரியர்களும் வீற்றிருந்த அச்சபையில் இந்தக் கிராமத்து ஆசிரியர் வரவுசெலவுத் திட்டத்தை வரிவரியாகப் படித்துத் தம் இடத்தைப் பிடித்துக்கொண்டார். ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நடைபெற்ற முறைகேடுகளையும் கொடுமைகளையும் 1905ஆம், 1906ஆம் ஆண்டுகளில் சபையில் அம்பலப்படுத்தினார். அக்காலத்தில் குடியேற்றத் திணைக்களத்தில் பணியாற்றிய கார்ல் ஹெல்பெரிக் என்ற உயரதிகாரி அவருக்குப் பகைவரானார். அப்பகை எங்கு சென்று முடிந்தது என்பதைப் பின்னர் காண்போம்.

எர்ட்ஸ்பேர்கர் தொடக்கத்திலிருந்தே சமாதானவாதியாக விளங்கினார் என்று எழுதினால் அது உண்மைக்கு மாறாகும். 1914இல் போர் மூண்டபோது அவர் அதனை முழு மனதோடு ஆதரித்தார். பெல்ஜியத்தின்மீது ஆதிக்கமும் பெருநிலப் பறிப்பும் வேண்டுமென்று அவ்வாண்டு செப்டெம்பரில் அரசுக்கு மனு எழுதினார். வெளிநாடுகளில் ஜேர்மனிக்காகப் பரப்புரை செய்யும் பொறுப்பையும் ஏற்றார். அவரை மாற்றியது கணக்கே ஆகும்.

எண்களைக் கூட்டிப் பார்த்தவர்

1917 பெப்ரவரியில் ஜேர்மன் கடற்படை கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போரைத் தொடங்கியது. சில மாதங்களில் இங்கிலாந்து பணிந்துவிடும் என்று கடற்படைத் தலைமை உறுதியளித்தது. பணிந்தது எவருமில்லை, மாறாக, ஏப்ரலில் அமெரிக்காவும் போரில் இறங்கியது. மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களின் எடையையும் உலகில் எஞ்சியிருந்த கப்பல்களின் எடையையும் எர்ட்ஸ்பேர்கர் ஒப்பிட்டுப் பார்த்தார். கடற்படையின் கணக்குப் பொய்யென்று தெரிந்தது. 1917 யூலை 6ஆம் நாள் நாடாளுமன்றத்தின் முதன்மைக் குழுவில் அதனை வெளிப்படையாகக் கூறி, நிலப்பறிப்பின்றி இணக்கத்தின் வழியே சமாதானம் தேட வேண்டும் என வாதிட்டார். யூலை 19இல் அவ்வாறான தீர்மானம் 212 வாக்குகள் ஆதரவாகவும் 126 வாக்குகள் எதிராகவும் அளிக்கப்பட்டு நிறைவேறியது.

தீர்மானம் நிறைவேறியதே தவிர அதற்குப் பலம் இருக்கவில்லை. தளபதிகளான ஹிண்டன்பேர்க்கும் லூடென்டோர்ப்பும் தாம் பதவி விலகப்போவதாக மிரட்டிச் சான்சலர் பெத்மன் ஹொல்வேக்கைச் சில நாட்களுக்கு முன்னரே வீழ்த்தியிருந்தனர். புதிய சான்சலரோ தீர்மானத்தைத் தாம் விளங்கிக்கொண்ட முறையில் ஏற்பதாகக் கூறி அதன் பொருளைக் கரைத்துவிட்டார். அன்றிலிருந்து ஓராண்டுக்கு மேலாக, போரையும் அரசியலையும் சேர்த்தே நடத்தியவர்கள் படைத்தலைவர்கள்தாம்.

தளபதிகள் கேட்ட போர்நிறுத்தம்

1918 செப்டெம்பர் 29ஆம் நாள் நிலைமை தலைகீழாக மாறியது. பல்கேரியா அன்று போர்நிறுத்தத்தில் ஒப்பமிட்டு விலகியது. மேற்குப் போர்முனையில் ஜேர்மன் படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. பெல்ஜியத்தின் ஸ்பா நகரிலிருந்த தலைமையகத்தில் லூடென்டோர்ப்பும் ஹிண்டன்பேர்க்கும், உடனடியாகப் போர்நிறுத்தம் கோரவேண்டும் என்று பேரரசரிடமும் வெளிநாட்டுச் செயலாளர் ஹின்ட்சவிடமும் கூறினர். அதேவேளை, நாடாளுமன்றக் கட்சிகளைக் கொண்ட புதிய அரசொன்றை அமைக்கவும் இணங்கினர். இந்த இணக்கம் மக்களாட்சிமீது பிறந்த காதலால் ஏற்பட்டதன்று. நாட்டை இந்நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் அக்கட்சிக்காரர்களே என்றும், அவர்களே இப்போது விளைவை அனுபவிக்கட்டும் என்றும் லூடென்டோர்ப் தம் அதிகாரிகளிடம் விளக்கியதை அங்கிருந்த ஓர் அதிகாரி நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

புதிய சான்சலராக வந்த பாடன் இளவரசர் மக்ஸ் அவசரப்பட மறுத்தார். முன்னேற்பாடு எதுவுமின்றி வெள்ளைக்கொடி காட்டினால் பேரம் பேசும் வலு முழுவதும் போய்விடும் என்பது அவருடைய கருத்து. சில நாள் அவகாசம் கேட்டார். படைத்தலைமை ஒரு நாளும் தர இணங்கவில்லை. ஒக்டோபர் 3ஆம் நாள் ஹிண்டன்பேர்க் எழுத்திலேயே அதனை வலியுறுத்தினார். அன்றிரவே அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு வேண்டுகோள் அனுப்பப்பட்டது. போரைத் தொடர விரும்பும் தளபதி, சமாதானம் விரும்பும் அரசியல்வாதி என்று நாம் வழக்கமாக எண்ணும் உருவங்கள் அந்த வாரத்தில் இடம் மாறியிருந்தன.

மூன்று வாரங்களில் மீண்டும் மாறின. வில்சனின் மூன்றாம் மடல் கடுமையாக அமைந்ததும், தாமே கேட்ட போர்நிறுத்தத்தை ஏற்கலாகாது, போராட்டம் தொடர வேண்டும் என்று படைத்தலைமை ஒக்டோபர் 24இல் கட்டளை வெளியிட்டது. அரசைக் கேளாது செய்த இச்செயலால் லூடென்டோர்ப் 26ஆம் நாள் பதவியிழந்தார். பின்னர் மாற்றுப் பெயரில் சுவீடன் நாட்டுக்குச் சென்றுவிட்டார். அவருடைய இடத்துக்கு ஜெனரல் குரோனர் வந்தார். ஹிண்டன்பேர்க் தம் பதவியில் நீடித்தார்.

எதிர்த்தரப்பிலும் இதே இழுபறி

நேச நாடுகளின் பக்கத்திலும் ஒற்றுமை நிலவவில்லை என்பதை இங்கு குறிப்பிட வேண்டும். போர்நிறுத்த நிபந்தனைகளை வகுக்கும் தகுதி படைத்தலைவர்களுக்கே உண்டு என்று மார்ஷல் போஷ் வாதிட்டார். அரசியல் முடிவு அரசுக்குரியது என்று பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோ அவரைத் தடுத்து நிறுத்த முயன்றார். ஜேர்மன் படை இன்னும் முறியவில்லை, ஆகவே நிபந்தனைகள் மிதமாக இருக்கட்டும் என்றார் பிரித்தானியத் தளபதி ஹெய்க். அமெரிக்கத் தளபதி பெர்சிங்கோ நிபந்தனையற்ற சரணடைவைக் கேட்டு ஒக்டோபர் 30இல் கடிதம் எழுதினார். தம் ஜனாதிபதி போர்நிறுத்தத்துக்கு இணங்கிவிட்ட வேளையில் அவர் இதனை எழுதியது, பாரிசில் பேச்சு நடத்திக்கொண்டிருந்த வில்சனின் தூதர் ஹவுஸ் அவர்களைச் சங்கடத்தில் ஆழ்த்தியது. இறுதியில் போஷ் வகுத்த நிபந்தனைகளே பெரும்பாலும் நின்றன. எனினும் ஒரு வேறுபாடு உண்டு: வெற்றி பெற்ற தரப்பில் தளபதியே மேசையின் தலைமாட்டில் அமர்ந்தார்.

கொம்பியேன் காட்டில் மூன்று நாட்கள்

தோல்வியுற்ற தரப்பில் அவ்வாறு நடக்கவில்லை. தூதுக்குழுவுக்கு ஜெனரல் ஒருவரே தலைமை தாங்குவதாக முதலில் இருந்தது. நவம்பர் 6ஆம் நாள் அப்பொறுப்பு எர்ட்ஸ்பேர்கரிடம் வந்து சேர்ந்தது. அவர் அப்போது அரசில் செயலாளர்களுள் ஒருவர். முந்திய மாதத்தில்தான் இராணுவப் பயிற்சியிலிருந்த தம் ஒரே மகன் ஒஸ்காரை இன்புளுவென்சாக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தார். ஸ்பாவில் ஹிண்டன்பேர்க் அவரைச் சந்தித்து, படைவீரரன்றி அரசியல்வாதி போர்நிறுத்தம் செய்யச் செல்வது இதுவே முதன்முறை என்று கூறி, கடவுள் துணைநிற்பாராக என வழியனுப்பினார். போர்நிறுத்தப் பேச்சின் சுமை படையின்மீது படாதிருந்தமை தமக்கு உவப்பாகவே இருந்ததென்று குரோனர் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் ஒளிவின்றி எழுதினார்.

நவம்பர் 7ஆம் நாள் இரவு, குழு வெள்ளைக்கொடி கட்டிய மோட்டார் வாகனங்களில் போர்முனையைக் கடந்தது. வெளிநாட்டு அமைச்சைச் சேர்ந்த ஒபெர்ன்டோர்ப் பிரபு, தரைப்படையின் வின்டர்பெல்ட், கடற்படையின் வன்செலோ ஆகியோர் உடன் சென்றனர். இடிந்த ஊர்களினூடாக நெடுநேரம் பயணம் செய்து, பின்னர் புகையிரதத்தில் ஏற்றப்பட்டு, 8ஆம் நாள் காலையில் கொம்பியேன் காட்டுக்குள் இறங்கினர்.

எதற்காக வந்தீர்கள் என்று போஷ் கேட்டார். போர்நிறுத்தம் குறித்த நேச நாடுகளின் முன்மொழிவுகளைப் பெறவே வந்ததாக இவர்கள் கூறினர். தம்மிடம் முன்மொழிவு எதுவும் இல்லையென்று அவர் மறுத்தார். போர்நிறுத்தத்தைக் கோருகின்றோம் என்று இவர்கள் வாயால் சொன்ன பின்னரே நிபந்தனைகள் வாசிக்கப்பட்டன. அவற்றை வாசித்தவர் போஷின் துணைவரான ஜெனரல் வெய்காண். ஆக்கிரமித்த நிலங்களை விட்டு விலகுவது, ரைன் நதியின் இடதுகரையை ஒப்படைப்பது, பீரங்கிகள், கப்பல்கள், 5000 புகையிரத இயந்திரங்கள், 150,000 பெட்டிகள் ஆகியவற்றைக் கையளிப்பது எனப் பட்டியல் நீண்டது. கடல் முற்றுகை தொடரும். விடையளிக்க 72 மணிநேரம். அதுவரை சண்டையை நிறுத்திவைக்கும்படி கேட்டதை போஷ் மறுத்துவிட்டார்.

எர்ட்ஸ்பேர்கர் அங்கு பேரம் பேசவே இல்லை என்று பின்னாளில் எதிரிகள் எழுதினார்கள். ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. ஒப்படைக்கவேண்டிய இயந்திரத் துப்பாக்கிகளை 30,000இலிருந்து 25,000 ஆகவும், பாரவாகனங்களை 10,000இலிருந்து 5000 ஆகவும், விமானங்களை 2000இலிருந்து 1700 ஆகவும் குறைக்கச் செய்தார்கள். பட்டினியால் வாடும் பெண்களையும் குழந்தைகளையும் காட்டி முற்றுகையைத் தளர்த்துமாறு எர்ட்ஸ்பேர்கர் திரும்பத் திரும்ப வாதாடினார். உணவு வழங்குவது பற்றி ஆலோசிக்கப்படும் என்ற ஒரு வரியே கிடைத்தது.

இதற்கிடையில் பேர்லினில் பேரரசு கவிழ்ந்தது. 9ஆம் நாள் பேரரசர் முடிதுறந்த செய்தி அறிவிக்கப்பட்டது. தம்மை அனுப்பிய அரசே இல்லாத நிலையில் காட்டுக்குள் காத்திருந்தார் எர்ட்ஸ்பேர்கர். 10ஆம் நாள் இரவு தந்திகள் வந்தன. சில நிபந்தனைகளைத் தளர்த்த முயலும்படியும், முடியாவிட்டாலும் ஒப்பமிடும்படியும் தலைமையகத்திலிருந்து ஹிண்டன்பேர்க் அறிவுறுத்தியிருந்தார். பேர்லினிலிருந்து வந்த தந்தி, சான்சலர் என்பதைத் தொடர்ந்து முற்றும் எனப் பொருள்படும் ஜேர்மன் சொல்லோடு முடிந்திருந்தது. பிரெஞ்சுத் தரப்பினர் அதனைப் புதிய சான்சலரின் பெயரென எண்ணி யார் அவர் என்று விசாரித்தனராம்.

அதிகாலை 5 மணி கடந்த சில நிமிடங்களில் கையொப்பங்கள் இடப்பட்டன. ஜேர்மன் மக்கள் துன்புறலாம், ஆனால் அழிந்துவிடமாட்டார்கள் என்ற கருத்தமைந்த அறிக்கையொன்றை எர்ட்ஸ்பேர்கர் வாசித்தார். எவரும் கைகுலுக்கவில்லை. போர்நிறுத்தம் முற்பகல் 11 மணிக்கு நடைமுறைக்கு வந்தது. பேனாவைக் கீழே வைத்ததற்கும் துப்பாக்கிகள் ஓய்ந்ததற்கும் இடைப்பட்ட அந்த ஆறு மணிநேரத்திலும் படைவீரர்கள் களத்தில் மடிந்துகொண்டிருந்தார்கள்.

வெர்சாய் வரை

ஒப்பந்தம் முதலில் 36 நாட்களுக்கே செல்லுபடியானது. அதனைப் புதுப்பிக்க எர்ட்ஸ்பேர்கர் திரியர் நகருக்கு மும்முறை சென்று போஷின் முன் அமர்ந்தார். ஒவ்வொரு முறையும் நிபந்தனை கூடியது. 1919இல் வெர்சாய் உடன்படிக்கை மேசைக்கு வந்தபோது, வெளிநாட்டு அமைச்சர் புரொக்டோர்ப் ரன்ட்சாவ் அதனை நிராகரிக்கவேண்டும் என்றார். மறுத்து நின்றால் நேச நாடுகளுக்குள் பிளவு ஏற்படும் என்று அந்த அனுபவமிக்க இராஜதந்திரி நம்பினார். மறுத்தால் படையெடுப்பும் நாட்டின் சிதைவுமே நேரும் என்று எர்ட்ஸ்பேர்கர் எதிர்வாதம் செய்தார். வெளிநாட்டு அமைச்சர் பதவி விலகினார்.

யூன் 23ஆம் நாள், காலக்கெடு முடிய சில மணிநேரமே இருக்கையில், ஜனாதிபதி ஏபெர்ட் படைத்தலைமையைத் தொலைபேசியில் அழைத்து, எதிர்த்துப் போரிட இயலுமா என்று கேட்டார். விடை என்னவென்பது ஹிண்டன்பேர்க்குக்குத் தெரியும். அவர் அறையை விட்டு வெளியேறினார். இயலாது என்று சொல்லும் கடமை குரோனருக்கு விடப்பட்டது.

அதே ஹிண்டன்பேர்க் 1919 நவம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் தோன்றி, படை களத்தில் தோற்கவில்லை, பின்னாலிருந்து முதுகில் குத்தப்பட்டது என்ற கருத்தைச் சாட்சியமாக அளித்தார். போர்நிறுத்தத்தை 24 மணிநேரத்துக்குள் கேட்கும்படி நெருக்கியவர்கள் யார் என்பதை மறைத்த பொய் அது. ஆனால் இரண்டு மில்லியன் வீரர்களை இழந்த ஒரு நாட்டுக்கு அப்பொய் ஆறுதலாக இருந்தது. குத்தியவன் யார் என்று கேட்டவர்களுக்குக் காட்ட ஒரு கையொப்பமும் இருந்தது.

வரி, வழக்கு, துப்பாக்கி

அவ்வாண்டு யூனில் நிதியமைச்சரான எர்ட்ஸ்பேர்கர், ஓராண்டுக்கும் குறைந்த காலத்தில் நாட்டின் வரிமுறையை அடியோடு மாற்றியமைத்தார். மாநிலங்களிடம் சிதறிக்கிடந்த வரி நிர்வாகத்தை மத்திய அரசின்கீழ் கொண்டுவந்து, செல்வர்கள்மீது பளுவை ஏற்றினார். ஜேர்மனியில் தொழில் செய்யும் நம்மவரின் மாதச் சம்பளத்தில் வருமான வரி முன்கூட்டியே கழிக்கப்படுகின்றதல்லவா? அம்முறை இந்தச் சீர்திருத்தத்தின் வழியே 1920இல் வந்ததாகும்.

செல்வர்களின் சினமும் தேசியவாதிகளின் வெறுப்பும் ஒன்றுசேர்ந்தன. பழைய பகைவரான ஹெல்பெரிக் எர்ட்ஸ்பேர்கரை ஒழிக்கவேண்டும் எனத் துண்டுநூல் வெளியிட்டார். எர்ட்ஸ்பேர்கர் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1920 ஜனவரி 26இல் நீதிமன்றத்திலிருந்து வெளியேறிய அவரை இளைஞன் ஒருவன் சுட்டுக் காயப்படுத்தினான். அவனுக்குக் கிடைத்தது 18 மாதச் சிறை மட்டுமே. மார்ச் 12இல் தீர்ப்பு வந்தது. ஹெல்பெரிக்குக்கு 300 மார்க் தண்டம். ஆயினும் அரசியலையும் சொந்த வியாபார நலனையும் கலந்தமை உட்படச் சில குற்றச்சாட்டுகள் நிறுவப்பட்டதாக நீதிமன்றம் கூறியதால் எர்ட்ஸ்பேர்கர் பதவி விலகினார். அவர் குறையற்றவர் அல்லர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவரைக் கொல்லத் தேடியவர்கள் அக்குறைகளுக்காகத் தேடவில்லை.

1921 ஓகஸ்ட் 26ஆம் நாள், கருங்காட்டு மலைப்பகுதியின் பாட் கிரீஸ்பாக் என்னும் ஊரில் ஓய்வுக்குச் சென்றிருந்த அவர், சக உறுப்பினர் ஒருவரோடு நடந்துகொண்டிருந்தார். முன்னாள் படை அதிகாரிகளான ஹைன்ரிக் டில்லெசன், ஹைன்ரிக் சூல்ட்ஸ் ஆகிய இருவர் வழிமறித்துச் சுட்டனர். இரகசிய வலதுசாரி இயக்கமொன்று அனுப்பிய கொலையாளிகள் அவர்கள். 46ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் இருக்கையில் எர்ட்ஸ்பேர்கரின் வாழ்வு முடிந்தது. பிபெராக் நகரில் பெருந்திரளான மக்கள் நடுவே அவர் அடக்கம் செய்யப்பட்டார். நாட்டின் மறுபாதியில் பலர் அச்செய்தியைக் கொண்டாடினார்கள். கொலையாளிகள் வெளிநாட்டுக்குத் தப்பினர். 1933இல் நாசி அரசு அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே அவர்கள் தண்டிக்கப்பட்டனர்; 1952இலேயே இருவரும் விடுதலையாகினர்.

கொம்பியேன் காட்டின் அந்தப் பெட்டிக்கு இன்னொரு கதையும் உண்டு. 1940 யூனில் பிரான்ஸ் வீழ்ந்துகொண்டிருந்தபோது, படை களத்தில் சரணடையட்டும், அரசு போராட்டத்தைத் தொடரட்டும் என்று பிரதமர் ரெய்னோ யோசனை கூறினார். அது படையின் மானத்துக்கு இழுக்கு என்று மறுத்து, போர்நிறுத்தத்தை அரசே கேட்கவேண்டும் எனப் பிடிவாதமாக நின்றவர் அப்போதைய பிரெஞ்சுத் தலைமைத் தளபதி. அவர் வேறு யாருமல்லர். 1918இல் எர்ட்ஸ்பேர்கரின் முன் நிபந்தனைகளை வாசித்த அதே வெய்காண்தான். ரெய்னோ பதவி விலக, புதிய அரசு போர்நிறுத்தம் கேட்டது. யூன் 22இல் அதே பெட்டியில், ஹிட்லரின் விருப்பப்படி, பிரான்ஸ் ஒப்பமிட்டது. தோல்வியைச் சுமக்க வேறு தோள் தேடும் வழக்கம் எந்த ஓர் இனத்துக்கும் மட்டும் உரியதன்று.

பேர்லினில் ஜேர்மன் நாடாளுமன்றத்துக்குரிய கட்டடமொன்று 2017 முதல் எர்ட்ஸ்பேர்கரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நூறாண்டுகளை அண்மித்து வந்த நன்றி அது. போரினால் வீடிழந்து நாடு கடந்து வாழும் நாம் இவருடைய வாழ்விலிருந்து பெறவேண்டிய பாடம் ஒன்றுண்டு. போர்நிறுத்தம் பேசப்படும் இடமெங்கும், அதனைக் கோரியவர் யார், ஏன் கோரினார், அவ்வேளையில் களத்தின் உண்மை நிலை என்ன என்பவை மக்கள் அறிய எழுதி வைக்கப்பட வேண்டும். படையை நடத்தியவர்களும் மேசைக்கு வந்து தம் பெயரை இடவேண்டும். அது நடவாத ஜேர்மனியில், ஒப்பமிட்ட ஒரு மனிதர் மாண்டதோடு கதை முடியவில்லை. முதுகில் குத்தப்பட்டோம் என்ற பொய் வளர்ந்து ஆட்சியைப் பிடித்து, இருபத்தொரு ஆண்டுகளில் அடுத்த போரைக் கொண்டுவந்து சேர்த்தது.